இருபது பழமொழியும் மைசுய்யின் காலும்

சீனக் குடியரசு ஒன்பதாம் ஆண்டு, ஏழாம் மாதம், 9

தினைக்கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அடுப்பருகே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது நான்தான், எனவே குற்றமும் என்னுடையதுதான். அம்மா அடிப்பிடித்த பாகத்தை என் கிண்ணத்தில் போட்டாள்.

பள்ளியில் வென் டீச்சர் புதிய வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி இருபது பழமொழி சேகரிக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது கூடாது. வீட்டிலும் தெருவிலும் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். யார் சொன்னார்கள், சொல்லும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்றும் குறிக்க வேண்டும். ஒருத்தி மழை என்றாள், ஒருத்தி மாமியார் என்றாள், ஒருத்தி பன்றி. நான் ‘கால்’ என்றேன். வகுப்பே சிரித்தது. எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் தங்கள் கால்களை இழுத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

ஏழாம் மாதம், 11

பெரியம்மாவிடமிருந்து தொடங்கினேன். முற்றத்துக்கு அந்தப் பக்கத்து அறையில் இருக்கிறார். இறந்துபோன பெரியப்பாவின் மனைவி. சிறு வயதிலேயே விரல்களை மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டி, வளரவிடாமல் செய்த மூன்று அங்குலக் கால். இந்தத் தெருவில் யார் வீட்டில் பெண்ணுக்குக் கால் கட்டினாலும் நாள் பார்ப்பதற்கும் துணி கிழிப்பதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்று: ‘மகள் மேல் பாசமிருந்தால் அவள் கால் மேல் இரக்கப்படாதே.’ (பெரியம்மா, வால்நட் உடைத்துக்கொண்டு.)

இரண்டு: ‘முகம் வானம் கொடுத்தது, கால் தாய்க்கை கொடுத்தது.’ (அதே பெரியம்மா, அதே வால்நட்.) இதற்கு விளக்கமும் சொன்னார். கட்டுகிற கை பெற்றவளின் கையாக இருக்க வேண்டுமாம். பெற்றவள் இருக்க அடுத்தவள் கட்டினால் அந்தக் கால் புகுந்த வீட்டில் நிலைக்காதாம். அதனால்தான் அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாரே தவிர, கட்டுத்துணியைக் கையால் தொடமாட்டாராம்.

கட்டப்பட்டவள் சொன்ன பழமொழி ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“காலுக்கு வாய் ஏதுடி?” என்றார்.

இதை மூன்றாவதாக எழுதிக்கொள்ளலாமா? எழுதிவிட்டேன்.

ஏழாம் மாதம், 16

இன்று ஒரே நாளில் நான்கு. அத்தனையும் அப்பாவிடமிருந்து. எங்கள் கடையில் விற்கிற வினிகர் ஜாடிகளின் வாயைக் களிமண் பூசி அடைத்துக்கொண்டே சொன்னார். தாமரை, பிறைநிலா, குருவிக்குஞ்சு, நெல்லிக்கனி அளவு காலடி – எல்லாம் அழகழகாக இருந்தது. பழமொழி சொல்லும்போது அப்பாவின் குரலே மாறிவிடுகிறது, நாடகம் பார்க்கப் போகிறவர் மாதிரி.

படி இறங்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. அப்பா இந்தப் பிறைநிலாவை எங்கே பார்த்தார்? கட்டிய காலைப் பெண்கள் யாருக்கும் வெறுங்காலாகக் காட்டுவதில்லை. கணவனுக்கும் இல்லை. படுக்கும்போதுகூடத் தனியாகச் செருப்பு உண்டு. ஆக அப்பா பார்த்ததெல்லாம் சிவப்புப் பட்டும் பூவேலையும். பட்டுச் செருப்பைப் பற்றி நான்கு பழமொழி.

ஏழாம் மாதம், 20

நாள் குறித்துவிட்டார்கள்.

எட்டாம் மாதம் இருபத்துநான்கு. என் தங்கை மைசுய்க்கு. அவளுக்கு ஆறு வயது.

எனக்கும் அதே நாளில்தான் கட்டினார்கள். அன்று ஒட்டுத்தினை உருண்டை செய்து அடுப்புச் சாமிக்கு வைப்பார்கள். உருண்டை எவ்வளவு மிருதுவோ எலும்பும் அவ்வளவு மிருதுவாகுமாம். எனக்கு ஐந்து உருண்டை கொடுத்தார்கள். ஆசையாகத் தின்றேன். பிறகு இன்றுவரை ஒட்டுத்தினை என் தொண்டையில் இறங்கியதில்லை.

மைசுய் இதைக் கேட்டதும் குதித்தாள். பூப்போட்ட செருப்பு கிடைக்குமாம். நேற்று இவள் பெரிய ஜாடி மேலே ஏறி நின்று, அங்கிருந்து வெங்காயத்தாள் பாத்தியில் குதித்து, சில்வண்டு பிடித்தாள்! அந்தக் கால்களுக்குத்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் கேட்டேன், எதற்காக என்று. அம்மா என் காலைப் பார்த்தாள்.

“உன்னைப் படிக்க அனுப்புறதுக்காக அவிழ்த்தோம். இப்ப அதைப் பார்த்துட்டு எந்தக் கல்யாணத் தரகி நம்ம வாசப்படி ஏறுறா? ஒண்ணு போச்சு. இன்னொண்ணையும் விடணுமா?”

அப்படியானால் – என்னால்தான். அப்பாவின் கண் மங்குகிறது, வியாபாரக் கடிதம் படிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்றார். கட்டிய காலைப் பள்ளியில் சேர்ப்பதில்லை. அதனால் பதினோரு வயதில் என் காலை அவிழ்த்தார்கள். மூன்று வருடமாகிறது. நான் படித்ததற்கு மைசுய் விலையா? என்ன நியாயம் இது? யாரைக் கேட்க?

ஏழாம் மாதம், 21

முடியாது. நடக்க விடமாட்டேன். எழுதி வைக்கிறேன்.

ஏழாம் மாதம், 28

பத்தடி நீளக் கட்டுத்துணி நான்கை அம்மா தைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தாள். நான்கையும் சுருட்டிக் காலி வினிகர் ஜாடிக்குள் போட்டு மூடிவிட்டேன். எவ்வளவு பெரிய தந்திரசாலி நான்!

மத்தியானமே கண்டுபிடித்துவிட்டாள். அடிக்கவில்லை, சிரித்தாள். “துணிக்கா இந்த வீட்ல பஞ்சம்?” என்று என் படுக்கை விரிப்பைக் காட்டினாள்.

துணியைத் துவைத்தும் வினிகர் வாடை போகவில்லை. அவ்வளவுதான் என் வெற்றி.

எட்டாம் மாதம், 2

மாவட்டத்திலிருந்து கால் பார்க்கிற அதிகாரிகள் வந்தார்கள். கால் கட்டுவதைத் தடை செய்யும் நோட்டீஸ் வசந்த காலத்திலிருந்தே எங்கள் தெருச்சுவரில் ஒட்டியிருக்கிறது. பெரியம்மா அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்: ‘நோட்டீஸ் சுவருக்கு, கால் வீட்டுக்கு.’ (பதினொன்று.)

காலையிலேயே வீடு வீடாகப் பஞ்சு தேடினார்கள். ஆண்களுடைய துணிச்செருப்பை எடுத்து, முன்பக்கம் பஞ்சு அடைத்து, அதற்குள் மூன்று அங்குலத்தை நுழைத்துக்கொண்டு எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். பெரியம்மா போட்டிருந்தது அப்பாவின் செருப்பு. அதிகாரிகள் கட்டுப்போட்ட கால் உண்டா என்று கேட்டார்கள். அவர் குனிந்து, எல்லாம் அவிழ்த்தாயிற்று ஐயா, பாருங்கள் எவ்வளவு பெரிசு என்றார். அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பும்போது பெரியம்மாவின் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்றுகொண்டது. பஞ்சு மட்டும் தனியாக உருண்டோடியது. தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

ஆனால் இதை வைத்து ஒன்று தெரிந்துகொண்டேன். சட்டம் வந்து மைசுய்யைக் காப்பாற்றாது. சட்டத்துக்கும் செருப்புக்கு உள்ளே பார்க்கத் தெரியவில்லை.

எட்டாம் மாதம், 5

டோஃபு விற்கிற தியாவ் அக்கா கட்டாத காலுடையவள். மலையில் பிறந்தவள். இரண்டு கூடையையும் தோளில் தூக்கிக்கொண்டு ஊரை மூன்று முறை சுற்றுவாள். ‘படகு வருது, துறையைக் காலி பண்ணு’ என்று பெண்கள் கேலி செய்வார்கள். (பதினான்கு. சொன்னது பலர், கை வேலை: டோஃபுவுக்குப் பேரம்.)

அவளிடமும் பழமொழி கேட்டேன். கூடையை இறக்காமலே யோசித்து, “பெரிய காலுக்கு ஊர் சின்னது” என்றாள். அப்படி ஒன்று இருக்கிறதா, இப்போதுதான் செய்தாயா என்று கேட்டேன்.

“யாராவது ஒருத்தி முதல்ல சொன்னதுதானே எல்லாமே” என்றாள்.

எட்டாம் மாதம், 9

இன்னும் பதினைந்து நாள்.

எட்டாம் மாதம், 16

செய்துவிட்டேன். எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

நேற்றைய நிலாப் பண்டிகைப் பணியாரம் மீதி இருந்தது. மத்தியானம் எல்லோரும் அடுப்புச் சூடு ஏறும் செங்கல் படுக்கைத் திண்ணை மேல் சிறு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பா, அம்மா, பெரியம்மா, மைசுய், நான். பெரியம்மா இருபத்துநான்காம் தேதி ஏற்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பணியாரத்தைப் பிட்டுக்கொண்டே மைசுய்யிடம், இனி நீ குட்டிப் பிறைநிலா என்றார்.

அந்த வார்த்தைதான். அதைக் கேட்டதும் என் வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்தேன். காலுறையைக் கழற்றினேன். விரலிடுக்குப் பஞ்சையும் எடுத்தேன். மேஜைக்குப் பக்கத்தில், அப்பாவின் முழங்காலுக்கு முன்னால் வெறுங்காலை நீட்டினேன்.

“அப்பா, உங்க பிறைநிலா. நல்லாப் பாருங்க.”

பெருவிரல் மட்டும் முன்னால். மற்ற நான்கும் உள்ளங்காலுக்கு அடியில் மடிந்து, தட்டையாக, பூசணி விதை மாதிரி. நடுவில் ஒரு காசை நிறுத்தி வைக்கலாம் போன்ற பிளவு. மூன்று வருடமாக அவிழ்த்து வைத்தும் அவை நிமிரவில்லை, இனி நிமிராது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இதை நானே முழு வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. ஆனாலும் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்பா பார்த்தார். பணியாரம் கையிலேயே இருந்தது. மைசுய் குனிந்து பார்த்து, ‘அக்கா, மத்த விரல் எங்கே போச்சு?’ என்று கேட்டாள். அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். பெரியம்மா தன் கைக்குட்டையை என் கால்மேல் போட்டு மூடினார், செத்துப்போனவர் முகத்தை மூடுவதுபோல.

அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அறைந்தால் அறையட்டும். மறுபடி கேட்டால் மறுபடி காட்டுவேன். இடது காலும் இருக்கிறது.

எட்டாம் மாதம், 18

அப்பா இரண்டு நாளாகக் கடையிலேயே சாப்பிடுகிறார். ‘பெண்கள் விஷயம், பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று சொல்லியனுப்பினார். இவ்வளவுதானா? நான் அவ்வளவு வெட்கத்தையும் தின்றுவிட்டுக் காட்டியது இதற்குத்தானா?

எட்டாம் மாதம், 19

அம்மா இன்று என்னோடு பேசினாள். துணிமணி அலசும்போது, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கட்டிய வருடம் நான் தினமும் கத்துவேனாம். கட்டி முடித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் நின்று அவளும் அழுவாளாம். முகம் கழுவிவிட்டு வந்து மறுநாள் இன்னும் இறுக்கிக் கட்டுவாளாம்.

“நான் அழல்லைன்னு நெனச்சியா? எனக்கு நாலரை அங்குலம். உங்கப்பனைப் பெத்தவ சாகுறவரைக்கும் என்னைப் படகுன்னுதான் கூப்பிட்டா. போற வீட்ல மாமியா யாரும் என் மகளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னுதான் கட்டினேன். இப்ப நீ படிச்சுட்டு வந்து என்னைக் கொலைகாரி ஆக்குற.”

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

“நாளைக்கு யாரும் அவளைக் கேட்டு வரல்லைன்னா? உன் டீச்சரம்மா வந்து கஞ்சி ஊத்துவாளா? சொல்லு. யாரு ஊத்துவா?”

பதினேழு பழமொழி கையில் இருந்தும் ஒன்றும் உதவவில்லை. அம்மாவின் மேல் கோபமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோபம் ஏன் நேராக வரமாட்டேன் என்கிறது?

எட்டாம் மாதம், 20

யாரு ஊத்துவா, யாரு ஊத்துவா. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அதுதான். குடையை ஊன்றி ஊன்றிக் குதிகாலால் நடந்தேன். பள்ளி வாசலில் பதில் கிடைத்துவிட்டது. இவ்வளவு எளிய பதிலுக்கு ஒரு நாள் முழுக்க!

எட்டாம் மாதம், 21

கடைவாடகைப் பத்திரத்தை அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்து, அதில் உள்ள நடையை அப்படியே பின்பற்றி எழுதினேன். நல்ல தடித்த தாளில், நல்ல மையில். இங்கேயும் பிரதி எடுத்து வைக்கிறேன்.

‘வாக்குறுதிப் பத்திரம். எழுதியவள் ஹௌ யென்சியு, வயது பதினான்கு. என் தங்கை மைசுய்யின் கால்களைக் கட்டாமல் விட வேண்டும். அவ்வாறு விட்டதால் அவளைப் பெண் கேட்டு எவரும் வராமல் போனால், அவளுக்குச் சோறும் துணியும் கூரையும் நான் தருவேன். ஆசிரியர் பயிற்சி முடித்துச் சம்பளம் வாங்கித் தருவேன். அவளுக்கு ஒரு இடம் அமையும்வரை எனக்கு எந்த இடமும் பேசக் கூடாது. வாய்ச்சொல் காற்றில் போகும் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.’

கட்டைவிரல் ரேகை வைத்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

எட்டாம் மாதம், 22

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நானே படித்துக் காட்டினால் நம்பமாட்டாள். அதனால் தாளைக் கடையிலிருந்த அப்பாவிடம் கொண்டுபோனேன். எடுத்ததும் திருப்பித் தந்துவிடுவார் என்று பயந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். என் காலை – செருப்பை – ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆறு நாளைக்குப் பிறகு முதல் முறையாக உள்ளே வந்து, செங்கல் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு உரக்கப் படித்தார். கடை விவகாரம் படிப்பதுபோலவே படித்தார்.

அம்மா தைத்துக்கொண்டே கேட்டாள்.

“கஞ்சியை அடிப்பிடிக்க விடுறவ. இவ சோறு போடுவாளாம்” என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “அந்த ‘எவரும் வராமல் போனால்’ங்கிற இடத்தை இன்னொரு தரம் படிங்க” என்றாள்.

அப்பா படித்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து கடை முத்திரையை எடுத்தார். ஜாடி வாயில் குத்துகிற அதே சிவப்பு முத்திரை. அதைச் சாட்சி என்ற இடத்தில் அழுத்தினார்.

“எல்லாரும் சேர்ந்துட்டீங்க” என்று அம்மா தாளைப் பிடுங்கி, செருப்பு தைக்க அளவு வெட்டிய காகித மாதிரிகளை வைக்கும் பழைய புத்தகத்துக்குள் செருகினாள். சரி என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

எட்டாம் மாதம், 23

அம்மா ஒட்டுத்தினை மாவு இடித்துக்கொண்டிருக்கிறாள். உலக்கைச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கட்டும்போது காலில் தூவுகிற படிகாரப் பொடியும் எடுத்து வைத்தாயிற்று.

நாளை நான் கதவின் குறுக்கே படுத்துக்கொள்வேன். என்னை மிதித்துக்கொண்டு போகட்டும். அவர்கள் காலால் மிதித்தால் எவ்வளவு வலித்துவிடப் போகிறது?

எட்டாம் மாதம், 24

காலையில் பள்ளிக்குப் போகவில்லை. கதவருகே உட்கார்ந்திருந்தேன். மைசுய் இரண்டு உருண்டை தின்றுவிட்டு, உப்பிய கன்னத்தோடு என் மடியில் வந்து உட்கார்ந்தாள். ‘விரல் போயிடுமா அக்கா?’ என்று காதில் கேட்டாள். பிடித்துக்கொண்டேன்.

பெரியம்மா வந்தார். வெந்நீர் எங்கே, கத்தரி எங்கே என்றார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். வலது கட்டைவிரலில் பெரிய கட்டு, தலையணை போல. மாவு இடிக்கும்போது நசுங்கிவிட்டதாம். இந்த விரலை வைத்துக்கொண்டு இழுத்துக் கட்ட முடியாது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அடுத்த வருஷமா என்று அம்மாவைப் பார்த்தேன்.

பெரியம்மா விடுவாரா? நல்ல நாள் போகக் கூடாதே. “நீ அவளைப் பிடிச்சுக்க, நான் கட்டிவிடறேன்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். மைசுய்யின் கணுக்காலைப் பிடித்தும்விட்டார். நான் மைசுய்யை இறுக்கிக்கொண்டேன்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: “நீங்கதானே அக்கா சொல்வீங்க, கால் தாய்க்கை கொடுத்ததுன்னு. பெத்தவ நான் உசிரோட இருக்கறப்ப இன்னொரு கை பட்டா அது நிலைக்குமா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா பழி உங்க மேலதானே வரும்.”

பெரியம்மா கையை எடுத்தார். அம்மாவைப் பார்த்தார், விரல் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். உட்கார்ந்து மூன்று உருண்டை தின்றுவிட்டு, மாவில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் மாதம், 25

அம்மா காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். இரண்டு கையாலும். கட்டைவிரலில் ஒரு கீறல் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “அடுப்பைப் பாரு, கஞ்சி பொங்குது” என்றாள்.

எட்டாம் மாதம், 29

வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டேன். இருபது எழுதினேன். வரிசையை மாற்றி, தியாவ் அக்காவுடையதைப் பத்தொன்பதாவதாக வைத்தேன். இருபதாவது: ‘வலித்தவளைக் கேட்டு எழுது.’ சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர். கை வேலை: தங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் இது பழமொழி இல்லையே என்றார். யாராவது ஒருத்தி முதலில் சொல்ல வேண்டுமே என்றேன்.

குடியரசு பத்தாம் ஆண்டு, எட்டாம் மாதம், 24

ஆசிரியர் பயிற்சிக்கான நுழைவுத்தேர்வு அடுத்த மாதம். கணக்குதான் உதைக்கிறது.

இன்று என்ன நாள் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும் முற்றத்தைத் தாண்டும்போது, ‘துறையைக் காலி பண்ணு’ என்று மைசுய்யைப் பார்த்துச் சொன்னார். அவள் அவரைச் சுற்றி இரண்டு சுற்று ஓடிவிட்டு, ஜாடி மேல் ஏறிவிட்டாள்.

குளிர்காலம் வருகிறது, மைசுய்யின் பஞ்சுச் செருப்புக்கு மாதிரி வெட்டி வைத்திருக்கிறேன், மேல்துணியில் கோடு போடு என்று அம்மா சொன்னாள். பழைய புத்தகத்தைத் திறந்தேன். அவளுடைய நாலரை அங்குல மாதிரிகள் இருந்தன. என்னுடைய குட்டி மாதிரிகள், ஆறு வயதிலிருந்து வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போனவை, இருந்தன. என் பத்திரத்தைத் தேடினேன். இல்லை.

கடைசிப் பக்கத்தில் புதிய மாதிரி. தடித்த தாள். திருப்பிப் பார்த்தால் என் கையெழுத்து. நுனியில் அப்பாவின் சிவப்பு முத்திரை பாதி. ‘சோறும் துணியும்’ என்பது உள்ளங்கால் நடுவில் வந்திருந்தது. ‘எவரும் வராமல் போனால்’ என்ற வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

எழுத்து தெரியாமல் வெட்டினாளா? முத்திரை தெரியுமே அவளுக்கு. கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மாதிரியை மேல்துணியில் வைத்துக் கோடு போட்டேன்.

பத்திரம் மைசுய்யின் காலுக்குப் போதவில்லை. குதிகால் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வேறு தாள் ஒட்டியிருந்தாள்.